தலைமடை மணியம்மாள்

மணியம்மாள் அக்காவுக்குச் சைகோனிலிருந்து புருஷன் கடிதம் வந்தால் இரண்டு பேர் படிக்க வேண்டும். முதலில் நான். படித்து முடித்ததும் "சரி, குடு" என்று வாங்கி மடியில் செருகிக்கொண்டு நேராக மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போவார். அவரும் அதையே படித்தால்தான் நான் படித்தது உண்மையாகும். ஒருமுறை பூசாரி அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டார். அக்கா திரும்பி வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ இன்னாடி சேத்துப் படிச்ச?" என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் அப்பா பிரெஞ்சுக்காரன் சர்க்காரில், பாகூர் கொம்யூனில் காவல் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்து படித்துவிட்டு இந்த ஊருக்கு வாழ வந்தவள் நான். ஊருக்கே கடிதம் படிக்கிறவளைப் பொய்க்காரி என்றால் பொறுக்குமா? கொஞ்ச நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கடைக்காரன் உப்பு அளந்தால் படிக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்ப்பார். மோர் கொடுத்தால் "இன்னிக்கி இன்னா விசேசம், மோரெல்லாம் குடுக்கற?" என்பார். யாராவது சிரித்துப் பேசினால் அன்றைக்கு வீட்டுக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்பதுதான் அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. ஊரில் எல்லார் குடுமியும் அவருக்குச் சோழியன் குடுமிதான்.

இப்படிப்பட்டவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் மணவாளன் கேட்கிறார். அவருக்கென்ன, கேட்பார். எங்கள் வயல்கள் இன்னும் வயல்களாக இருக்கின்றன, செங்கல்லாகிப் புதுச்சேரிக்குப் போய்ச் சுவராக நிற்கவில்லை என்றால் அது யாரால் என்பது அவருக்கும் தெரியும்.

எங்கள் ஊர் பாகூர் ஏரிப் பாசனம். ஏரியிலிருந்து வருகிற கிளை வாய்க்கால் முடிகிற இடத்தில் அக்காவின் ஒன்றரைக் காணி இருக்கிறது. அதற்குக் கீழே சுப்பராயலு வயல், அதற்குக் கீழே எங்களுடையது, பிறகு பச்சையப்பன், இன்னும் இரண்டு வீட்டார். எங்கள் ஐந்து வீட்டுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. தண்ணீர் அக்கா வயலில் இறங்கி, அது நிறைந்ததும் மடை வழியாகச் சுப்பராயலுக்குப் போய், அங்கிருந்து எங்களுக்கு வரும். தலைமடை அவருடையது என்பதால் ஊரில் அந்த வயலுக்கும் அவருக்கும் தலைமடை என்றே பேர்.

சந்தேகம் அவருக்குப் பிறவிக் குணம் இல்லை. அவர் அப்பா கரிக்கலாம்பாக்கத்தில் சொந்த நிலம் வைத்திருந்தவர். தீர்வை கட்டுகிற காகிதம் என்று பங்காளி ஒருவர் கொண்டுவந்து நீட்ட, அதில் கைநாட்டு வைத்தார். அடுத்த பட்டத்தில் தன் வயலிலேயே கூலிக்கு வரப்பு அண்டை வெட்டினார். மகள் அதை வரப்பில் நின்று பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகு ஒருத்தி யாரை நம்புவாள்? எனக்கு நடந்திருந்தால் நானும் அப்படித்தான் ஆகியிருப்பேன்.

அவர் புருஷன் சம்மந்தம் 1928இல் சைகோனுக்குக் கிடங்குக் காவல் வேலைக்குப் புறப்பட்டார். கப்பல் ஏறுவதற்கு முன்னால் அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: நிலத்தை என் பேருக்கு எழுதிவிட்டுப் போ. கட்டின புருஷனையே நம்பாதவள் என்று ஊரே சிரித்தது. அந்த மனுஷர் நல்லவர், எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். சில வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. அங்கே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு, காய்ச்சலில் போய்விட்டார் என்று இன்னொரு பேச்சு. அக்கா இரண்டையும் நம்பவில்லை. தாலியைக் கழற்றவும் இல்லை. பிள்ளை குட்டி கிடையாது.

நிலத்தை மட்டும் நம்பினார். கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் அள்ள முதல் வண்டி அவருடையதுதான். நடவுக்கு முன்னால் கொளுஞ்சியும் ஆவாரந்தழையும் போட்டு, கூலிப் பெண்களோடு தானும் இறங்கி மிதிப்பார். அடுப்புச் சாம்பலைக்கூடக் குப்பையில் கொட்டமாட்டார், வயலுக்குப் போய்விடும். அவர் மண்ணைக் கையில் அள்ளினால் கறுப்பாக, பொலபொலவென்று உதிரும். எங்கள் வயலில் நெல் முழங்காலுக்கு நின்றால் அவர் வயலில் இடுப்புக்கு நிற்கும். பொறாமையாகத்தான் இருக்கும்.

பெண்பிள்ளை ஏர் பிடிக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு. உழ ஆள் வேண்டும். உள்ளூர் ஆளை அவர் வைக்கவில்லை. எங்களுக்கு மேற்கே ஒரு பாதை தாண்டினால் இங்கிலீஷ்காரன் எல்லை. அங்கிருந்து செல்லப்பன் என்கிற ஒருவரை வரவழைத்தார். ஏன் என்று கேட்டேன். "நம்மூரான் ரெண்டு வருசம் உழுதான்னா மூணாம் வருசம் என்னுது நெலம்பான். அந்த எல்லைக்காரன் எந்தக் கச்சேரியில போயி சொல்லுவான்?" என்றார்.

அப்படியே ஓடியிருக்கும். ஒரு வருஷம் கோமாரி வந்து அவருடைய உழவு மாடு இரண்டும் போய்விட்டன. செல்லப்பன் புதுச்சேரியில் ஆலை வேலைக்குப் போய்விட்டார். அந்த மழைக்காலத்திலேயே அக்கா மதகுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வைத்தியர் கட்டுப் போட்டார். எழுந்து நடக்கும்போது கையில் ஒரு தடி, நடையில் ஒரு சாய்வு. அந்தப் பட்டம் தலைமடை தரிசாகக் கிடந்தது. அடுத்த பட்டமும் கிடந்தது. கோரை ஆள் மறைகிற உயரத்துக்கு வளர்ந்தது.

தரிசு கிடக்கும் நிலத்துக்குக் கழுகு வராமலா இருக்கும்? வில்லியனூரிலிருந்து சிவப்பிரகாசம் வந்தார். செங்கல் சூளை வைத்திருப்பவர். வரப்பில் குந்தி ஒரு பிடி மண்ணை எடுத்து எச்சில் தொட்டு உருட்டிப் பார்த்தார். "இது மண்ணா, வெண்ணெ" என்றார். கரிக்கலாம்பாக்கம் பக்கத்தில் அவர் வாங்கிய ஒரு வயலை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆள் ஆழம் தோண்டி விட்டிருந்தார்கள். பச்சைத் தண்ணீர், தவளை, நடுவில் ஒரு எருமை. ஒரு காலத்தில் அதில் சம்பா விளைந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அக்கா அவரையும் நம்பவில்லை. விரட்டிவிட்டார். ஆனால் எங்கள் ஐந்து வீட்டிலும் ஒரே கணக்குதான் ஓடியது. தலைமடை குழியானால் வாய்க்கால் தண்ணீர் முழுக்கக் குழிக்குள் விழும், எங்களுக்குச் சொட்டு வராது. மணியம்மாள் இன்று விரட்டினார், நாளைக்குச் சோற்றுக்கு வழியில்லை என்றால் என்ன செய்வார்?

கோயில் முன்னால் ஆண்கள் கூடிப் பேசினார்கள். வேப்பமரத்தடியில் நின்று நாங்கள் பெண்களும் கேட்டோம். அந்த நிலத்தை நாமே ஆளுக்குக் கொஞ்சம் உழைத்து உயிரோடு வைத்துவிட்டால் விற்கிற நிலைமை அவருக்கு வராது என்று முடிவாயிற்று. பச்சையப்பன், "நேரா போயி அதுங்கிட்ட சொல்லிடலாம்பா, எங்க தண்ணிக்காவத்தான் செய்யறோம்னு" என்றார். சுப்பராயலு தடுத்தார். அவர் சம்மந்தத்தின் சித்தப்பா மகன், அதாவது அக்காவுக்குக் கொழுந்தன், பங்காளி. "அத சொன்னா நம்ம குடுமி தன் கையிலன்னு அண்ணிக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நம்ம தலமேல ஏறி உக்காந்துக்கும். சத்தமில்லாம செய்யுங்க" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். இத்தனை அக்கறையாக யோசிக்கிற சுப்பராயலுக்கு அந்த வயல் மேல் ஒரு கண் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்தச் சந்தேகம் இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்காரர்கள் மந்தையோடு வருவார்கள். யார் வயலில் இரவு ஆட்டை அடைத்துக் கிடை மறிக்கிறார்களோ அந்த வயலுக்குப் புழுக்கை எரு. முறை வைத்துக்கொள்வோம். அந்த வருஷம் ஐந்து வீட்டாரும் ஆளுக்கொரு முறையை விட்டுக்கொடுத்து, தலைமடையில் கோரையை மேய்த்துக் கிடை மறிக்கச் சொன்னார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கிடை மறித்தவன்தான் ஏர் கட்டுவான் என்பது எங்கள் ஊர் நினைப்பு. உழப்போகாத நிலத்துக்கு யாரும் எரு போடுவதில்லை. அடுத்தவர் நிலத்தில் சொல்லாமல் எரு போட்டால் அதற்கு என்ன அர்த்தம்? இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்த ஊரிலேயே இருக்கிறவர்களுக்குக்கூடத் தோன்றாமல் போயிற்று.

காலையில் அக்கா தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் அவர் வயலில் நானூறு ஆடு படுத்திருக்கிறது.

"யாரு மறிக்கச் சொன்னது?"

"ஊருல சொன்னாங்கம்மா" என்றார் ஆட்டுக்காரர்.

"ஊருன்னா யாரு? ஊருக்கு மூக்கு முழி கீதா?"

ஆட்டுக்காரர் பயந்துபோய், மேலத்தெரு அண்ணன் ஒருத்தர் சொன்னார் என்று உளறிவிட்டார். மேலத்தெருவில் இருப்பது சுப்பராயலும் நாங்களும்.

முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் கிடந்த என் வீட்டுக்காரர் செருப்பைத் தடியால் புரட்டி அடியைப் பார்த்தார். "உங்க வூட்டுக்காரரு எங்க போயிட்டு வந்தாரு?" என்றார். எனக்குத் தெரியாதுக்கா என்றேன். "தெரியாதுன்னு நீ சொல்ற வேகத்திலியே தெரியுது" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

சுப்பராயலு வீட்டில் இன்னும் மோசம். அவர் சிரித்துக்கொண்டே, "நல்லதுதானே அண்ணி நடந்திருக்குது, இருக்கட்டுமே" என்றாராம். பங்காளி சிரித்தால் அக்காவுக்கு என்ன ஆகும் என்று அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதிச்சாம்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் ஐந்து வீட்டையும் அவர் கண் சுற்றிச் சுற்றி வந்தது. யார் யாரோடு பேசுகிறார்கள், யார் தன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று பார்த்தார். நாங்களும் நிஜமாகவே பேச்சை நிறுத்தினோம். பார்க்கிறவர்களுக்குத் திருட்டுக்கூட்டம் போலத்தான் தெரிந்திருப்போம்.

அப்படியும், கூட்டத்தில் பேசியபடியே, முதல் மழை பெய்ததும் ஐந்து ஏரும் தலைமடையில் இறங்கின. கோரைக் கிழங்கு மேலே வந்து கிடந்தது, மண் வாசனை தெருவரைக்கும் வந்தது. பாதி உழவுக்குள் அக்கா வந்துவிட்டார். முதல் ஏருக்கு முன்னால் சேற்றில் உட்கார்ந்து, மடங்காத காலை நீட்டிக்கொண்டார்.

"ஓட்டுங்க. எங்கப்பனுக்கு ஒரு காயிதம் போதும்னு இருந்திச்சி. எனக்கு ஏரே வேணுமா? ஓட்டுங்க, என் மேல ஓட்டுங்க."

முதல் ஏர் என் வீட்டுக்காரருடையது. மாட்டைப் பின்னுக்கு இழுத்து அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. பாதி உழுத நிலம் அப்படியே கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் சிவப்பிரகாசத்தின் வில்வண்டி அக்கா வாசலில் நின்றது. ஆள் அனுப்பி வரவழைத்தது அக்காதான். வில்லியனூரில் பத்திரம் எழுதுகிற நொத்தேர் வீட்டுக்குப் போய் நிலத்தை எழுதிக் கொடுக்கப் போகிறார் என்று தெரு முழுக்கப் பேச்சு. வண்டியில் ஏறும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பங்காளி தின்னறத சூள தின்னட்டும்" என்றார்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போயி சொல்லுங்க, எதுக்கு செஞ்சோம்னு" என்றேன். கூட்டத்தில் பேசி முடித்ததை எப்படி மீறுவது என்றார். ஆண்பிள்ளைகள் வார்த்தை தவறமாட்டார்கள், வயலைத் தவறவிடுவார்கள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன்.

ஏரிக்கரை மேட்டில் வண்டி மெதுவாக ஏறும். அங்கே பிடித்தேன். சிவப்பிரகாசம் முன்னால் வண்டிக்காரனோடு உட்கார்ந்திருந்தார், அக்கா பின்னால். பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

"அக்கா, கிடை மறிச்சது நாங்கதான். அஞ்சி வூடும்."

"தெரியும்."

"எதுக்குன்னு தெரியுமா?"

"என் நெலத்துக்கு. வேற எதுக்கு?"

"உன் நெலம் குழியாப் போச்சின்னா எங்களுக்குத் தண்ணி வராது. அதுக்குத்தான். வேற ஒரு மண்ணும் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீர் எப்படிப் பாய்கிறது என்று அவருக்குத் தெரியாததா? ஆனால் எப்போதும் சந்தேகப்படுகிறவர்கள் ஆழத்தில் என்ன கிடக்கிறது என்றே பார்ப்பார்கள், மேலே மிதக்கிறது கண்ணில் படாது. பிறகு அவர் புத்தி மறுபடி வேலை செய்தது.

"தண்ணி வேணும்னா நெலத்தயே புடுங்கிக்கினா போச்சி. அத்தானே உங்க திட்டம்?"

"யாருக்கா புடுங்கறது? சுப்பராயலு புடுங்கினா மடை அவுரு கையில போயிடும். எங்க வூட்டுக்காரரு வுடுவாரா? எங்க வூட்டுக்காரரு புடுங்கினா பச்சையப்பன் வுடுவாரா? நீ யாரையும் நம்பலன்னு சொல்றியே, நாங்க மட்டும் ஒருத்தர ஒருத்தர் நம்பிக்கினா கீறோம்? உன் கையில இருந்தாத்தான் எங்க அஞ்சி பேருக்கும் தூக்கம் வரும்."

"அப்ப என் மேல எரக்கப்பட்டு ஒருத்தரும் செய்யல."

"இல்ல."

"நீயும்?"

"நானும்தான்."

அது பொய். மதகுப் படியில் விழுந்து கிடந்த அவரை முதலில் தூக்கியது நான்தான். எலும்பு முறிந்த வலியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு, மடியில் முடிந்த வீட்டுச் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. இரவெல்லாம் அது என் மனசைவிட்டுப் போகவில்லை. அவர்மேல் எனக்கு இரக்கம் நிறைய இருந்தது. அதை அங்கே சொல்லியிருந்தால் வண்டி நேராக வில்லியனூருக்குப் போயிருக்கும்.

"வண்டிய நிறுத்துப்பா" என்றார் அக்கா.

சிவப்பிரகாசம் திரும்பிப் பார்த்து, "நொத்தேர் காத்துக்கினு இருப்பாரும்மா" என்றார்.

"இருக்கட்டும், அவருக்கு உக்கார நாற்காலி இருக்குமில்ல?" என்று சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வண்டி தூரமாகப் போன பிறகு என்னிடம் சொன்னார்: "இத மொதல்லியே சொல்றதுக்கு உங்களுக்கு இன்னாடி கேடு? ஒரு மனுசி சாவற வரிக்கும் பாத்துக்கினு இருப்பீங்களா?" நிஜமான கோபம். நான் தலை குனிந்துகொண்டு அவரைத் தாங்கி நடந்தேன்.

அன்று மாலையே கோயில் முன்னால் ஆண்களை உட்காரவைத்துத் தன் நிபந்தனைகளைச் சொன்னார். ஐந்து பேரும் உழலாம், ஆனால் ஒரே நாளில் ஐந்து பேரும் வரக்கூடாது, யார் என்றைக்கு என்று அவர்தான் சொல்வார். உழவுக் கூலி நெல்லை அறுத்த அன்றைக்கே களத்தில் அளந்துவிடுவார், யாரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. கூலி வாங்காதவன் நாளைக்கு உரிமை கேட்பான். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்: "உங்கள்ல எவனாவது ஒரு கூட மண்ணு சூளைக்குக் குடுத்தான்னு தெரிஞ்சா, அன்னிக்கே என் மடைய அடைப்பேன். தப்பு செஞ்சவனுக்கு மட்டும் இல்ல, அஞ்சி பேருக்கும்." சுப்பராயலு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நான் சொன்னேனே, தலைமேல் ஏறி உட்காரும் என்று, என்கிற பார்வை. ஏறி உட்கார்ந்தார்தான். ஆனால் மேலே இருந்து நன்றாகவே காவல் காத்தார்.

அதுவரை ஒரு வயலைக் காத்த சந்தேகம் அன்றிலிருந்து ஆறு வயலைக் காத்தது. தடியோடு வரப்பு வரப்பாகப் போவார். யார் வண்டல் அடித்தார்கள், யார் தழை மிதித்தார்கள், யார் சோம்பேறித்தனமாக வைக்கோலைக் கொளுத்தினார்கள், எல்லாம் தெரியும். "எரு போடாம எத்தினி நாளைக்குக் கறப்ப? மாடா இருந்தா ஒதைக்கும்" என்று என் வீட்டுக்காரரையே நடுவயலில் வைத்துக் கேட்டிருக்கிறார். அவர் முணுமுணுத்துக்கொண்டே அந்த வருஷம் இரண்டு மடங்கு வண்டல் அடித்தார். எங்கள் நெல்லும் இடுப்புக்கு வந்தது.

உலகச் சண்டை தொடங்கிச் சைகோன் கப்பல்கள் நின்றுபோன காலத்தில் ஒரு கோடை. பச்சையப்பன் தன் கிடை முறையைச் சுப்பராயலுக்கு விட்டுக்கொடுத்தார். உடம்பு சரியில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார். எல்லாரும் சரி என்று விட்டுவிட்டோம். அக்கா மட்டும் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"எரு வேணாம்னா நெலம் வேணாம்னுதானே அர்த்தம்? யாரு வந்தாங்க, சிவப்பிரகாசமா?"

பச்சையப்பன் உடைந்துவிட்டார். மகள் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது, பந்தல் போடக்கூட வழியில்லை. சூளைக்காரரிடம் வாய் வார்த்தையாக ஒத்துக்கொண்டிருந்தார். அக்கா எங்கள் நாலு வீட்டுக்கும் வந்தார். கெஞ்சவில்லை. "அவன் வயலு போனா அடுத்தது உங்குது. நெல்லு எடு" என்றார். சுப்பராயலு முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு மூட்டையை அவரே தோளில் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் கல்யாணத்துச் சோறு ஆறு வீட்டு நெல்லில் வெந்தது. சிவப்பிரகாசம் அதற்கப்புறம் எங்கள் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. பந்தியில் அக்கா உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பாயசத்தில் வெல்லம் குறைவு, சமையல்காரன் பாதியை அமுக்கிவிட்டான் என்று சொல்லிக்கொண்டே கை கழுவினார்.

1944இல் அவர் படுத்துவிட்டார். அவருக்குப் பிறகு தலைமடை யாருக்கு என்கிற பேச்சு தெருவில் நடந்தது. பங்காளி முறையில் சுப்பராயலு வீட்டுக்குத்தான் போகும் என்று பலரும் நினைத்தார்கள். சுப்பராயலும் நினைத்திருப்பார். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா பழத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, நொத்தேரை வீட்டுக்கு வரவழைக்கச் சொன்னார். ஐந்து வீட்டாரையும் உட்காரவைத்துக்கொண்டு எழுதச் சொன்னார். நிலம் ஐந்து குடும்பத்துக்கும், பிரிக்காமல். வருஷத்துக்கு ஒரு வீட்டார் முறைவைத்து உழுது விளைவிக்க வேண்டும், வண்டலும் கிடையும் அந்த வீட்டார் பொறுப்பு. ஐந்து பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடாமல் யாரும் விற்க முடியாது.

நொத்தேர், "இவ்வளவு பேருமேல நம்பிக்கை வெச்சி எழுதறீங்களேம்மா" என்றார், பாராட்டாகத்தான்.

"நம்பிக்கையா? ஒருத்தன் மேலயும் கெடையாது. அதான் அஞ்சி பேருக்கும் எழுதறேன். இவனுங்க அஞ்சி பேரும் ஒண்ணா கையெழுத்து போடற காலம் வராது" என்றார் அக்கா.

யாருக்கும் கோபம் வரவில்லை. சுப்பராயலு முதலில் சிரித்தார், அப்புறம் எல்லாரும் சிரித்தோம். அவர் சொன்னது சரிதான். இன்றுவரை யாராவது ஒருத்தர் தலைமடையில் உழுதால் மற்ற நாலு பேரும் ஏதோ வேலை இருப்பதுபோல வரப்பில் வந்து நிற்கிறார்கள். எரு குறைந்தால் சண்டை, வரப்பு தேய்ந்தால் சண்டை. அந்தச் சண்டையில் வயல் செழித்துத்தான் இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு நான் மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கால் வீங்கியிருந்தது. தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் சொல்ல நேரம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் சாவதற்குள் ஒருத்தராவது அவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கு வண்டிகிட்ட உங்கிட்ட ஒண்ணு சொன்னேன். எங்க யாருக்கும் உன் மேல எரக்கம் இல்ல, எனக்கும் இல்லன்னு. அது பொய்க்கா. எனக்கு இருந்திச்சி."

அவர் கண்ணை மூடியபடியே இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு என் கை மேல் தன் கையை வைத்தார்.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான்டி" என்றார்.